வீங்கியவை தனியாக

டெல்லி கரோல் பாகில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று வடக்குப் பார்த்தது, மே மாதத்தில்கூட அதன் தரையில் வெறுங்காலோடு நிற்கலாம். அந்த நல்ல அறையில் பழைய செல்போன் பாட்டரிகள் இருந்தன. வெயில் அறையில் நானும் என் வீட்டுக்காரரும் இருந்தோம். கேட்பவர்கள் இப்போது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு அப்போது பற்றிக்கொண்டு வந்தது.

ரிக்‌ஷா ஓட்டுகிறவர் கையிலும் செல்போன் வந்துவிட்ட வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலையில் இருந்தார். செத்துப்போன பாட்டரிகளைக் கடைக்காரர்கள் குப்பையில் கொட்டுவதைப் பார்த்திருக்கிறார். தெற்கே ஒரு கம்பெனி அவற்றை வாங்கி உடைத்து உலோகம் எடுக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போதாதா? வேலையை விட்டுவிட்டு, கடை கடையாகப் போய்ப் பாட்டரி பொறுக்க ஆரம்பித்தார்.

முதல் லோடை வெங்காய மூட்டை மாதிரி சாக்கில் கட்டித்தான் அனுப்பினார். டிரான்ஸ்போர்ட் கோடவுனிலேயே ஒரு மூட்டை புகைந்தது. கோடவுன்காரர் கையெடுத்துக் கும்பிட்டு எல்லாவற்றையும் எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். கம்பெனிக்குச் செய்தி போனதும் அவர்கள் பேக்கிங் விதிகளை அனுப்பினார்கள். எல்லாம் இங்கிலீஷ். இவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு என் மடியில் போட்டார்.

“ஏட்டி, நீ நர்ஸுல்லா. ஒனக்குத்தான் இதுக்கெல்லாம் பொறுமை.”

நர்ஸ்தான். மஞ்சள் காமாலை வந்து படுத்ததில் பழைய ஆஸ்பத்திரி வேலையை விட வேண்டியதாகிவிட்டது. உடம்பு தேறியதும் வேறொரு ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ போய் வந்தேன். எடுத்துக்கொண்டார்கள். ஜூன் ஒன்றாம் தேதி காலையில் வந்து சேர வேண்டும் என்றார்கள். எனக்கு வார்டு வேண்டும். டெட்டால் வாசனை, டிராலி உருளும் சத்தம், ‘சிஸ்டர், சிஸ்டர்’ என்று நாலு பக்கமும் கூப்பிடுவது எல்லாம் வேண்டும். அதுவரை கை சும்மாதானே இருக்கிறது என்று அந்தத் தாள்களை எடுத்துப் படித்தேன்.

படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. செத்த பாட்டரி முழுசாகச் சாவதில்லை. உள்ளே கொஞ்சம் சக்தி மிச்சம் இருக்கும். ஒன்றின் பித்தளை நிறப் பட்டை இன்னொன்றின் பட்டையில் உரசினால் சூடாகும், சூடு ஏறினால் தீப்பிடிக்கும். அதனால் ஒவ்வொன்றின் பட்டைமேலும் டேப் ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும். அட்டைப்பெட்டியை ஆட்டினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போட்டாலும் பெட்டி பிரியக் கூடாது. வீங்கியது, கசிந்தது, அடிபட்டது எதையும் மற்றவற்றோடு சேர்க்கவே கூடாது. அதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் மாமியார்கள் மருமகளிடம்கூட இத்தனை சட்டம் பேசமாட்டார்கள். ஆனாலும் வேலை எனக்குப் பிடிபட்டுவிட்டது, பொய் சொல்வானேன். பிளாஸ்திரி ஒட்டிப் பழகிய கைதானே. பிரிக்க வசதியாக டேப்பின் நுனியை ஒரு மடிப்பு மடித்து ஒட்டுவேன். வீங்கியவற்றைத் தொட்ட உடனே தெரியும். எடுத்து மணல் வாளிக்குள் போட்டுவிடுவேன். பெட்டி ரெடியானதும் நெஞ்சுக்கு நேரே தூக்கித் தரையில் தொப்பென்று போடுவேன். கீழ்வீட்டில் இருந்த பஞ்சாபி வீட்டுக்கார அம்மா விளக்குமாற்றுக் கட்டையால் தன் கூரையில் இடிப்பார். நான் அடுத்த பெட்டியைத் தூக்குவேன்.

மே மாதம் நடுவில் அந்த அம்மாவின் மருமகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தாள். அதே வாரத்தில் ஒரு மத்தியானம், வாளியில் போடலாம் என்று ஜன்னல் திட்டில் எடுத்து வைத்திருந்த வீங்கல் ஒன்று உஸ்ஸென்று சீறியது. திரும்பிப் பார்ப்பதற்குள் வெள்ளைப் புகை. சமையலறை இடுக்கியால் கவ்வி மணலுக்குள் அமுக்கினேன். புகை படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கிவிட்டது. பச்சைப் பிள்ளை வீரிட்டது.

“பம் ரக்கா ஹை க்யா கர் மே?” வீட்டுக்குள் வெடிகுண்டா வைத்திருக்கிறீர்கள் என்று கத்திக்கொண்டே அந்த அம்மா மேலே ஏறி வந்தார். அவர் கத்தியதில் என்ன தப்பு? சாயங்காலம் என் வீட்டுக்காரரை நிற்கவைத்துத் தீர்ப்பு சொன்னார். இந்தச் சாமான் இருக்கும்வரை மேலே யாராவது ஒருத்தர் எப்போதும் இருக்க வேண்டும். பூட்டிக்கொண்டு போனால் அன்றைக்கே எங்கள் சாமான் தெருவில்.

“யாராச்சும் இருப்போம் ஆன்ட்டிஜி” என்று இவர் தலையை ஆட்டினார். அந்த யாராச்சும் யார் என்று அவர் யோசிக்கவே இல்லை. அவர் கடை கடையாகப் போக வேண்டும். அப்புறம் நான்தானே.

அன்றிலிருந்து படிக்கட்டு வாசலின் இரும்புக் கிராதிக் கதவைத் தாண்டி நான் போகவில்லை. காய்கறி வண்டி வந்தால் பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்குவேன். ஞாயிற்றுக்கிழமை இவர் காலையிலேயே சர்ச்சில் ஹிந்திப் பூசைக்குப் போய்விட்டு வருவார் என்றும், நான் பிறகு தமிழ்ப் பூசைக்குப் போகலாம் என்றும் பேச்சு. வழியில் யாராவது பாட்டரி இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். இவர் வந்து சேரும்போது தமிழ்ப் பூசை முடிந்திருக்கும். ஜெயிலில்கூடக் கைதிகளை முற்றத்தில் கொஞ்சம் நடக்க விடுவார்கள். நான் வெயில் அறைக்கும் பாட்டரி அறைக்கும் நடுவே நடந்தேன். வெளியே லூ என்கிற அனல் காற்று, உள்ளே கரண்ட் இல்லாத மின்விசிறி. கூலர் போடலாம் என்றால் ஈரம் ஆகாது என்று விதியில் இருக்கிறது. பாட்டரிக்கு ஆகாததால் எனக்கும் ஆகவில்லை.

“இந்த லோடு போகட்டும்ட்டி. அதோட வீட்டுல வைக்கிறத நிப்பாட்டிருதேன். நீ ஜம்முன்னு வேலைக்குப் போ” என்றார். நம்பினேன். சாப்பாட்டுத் தட்டைக்கூடப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவர் வாங்கிவந்த மட்டமான டேப்பை மூன்று தடவை அழுத்தி அழுத்தி ஒட்டினேன். மாதக் கடைசியில் டெம்போ வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. வீங்கியவற்றை எடுக்க ஆள் இல்லை. அதற்குத் தனி டிரம், தனி அனுமதி எல்லாம் வேண்டுமாம். அந்த மணல் வாளியை மட்டும் மொட்டை மாடி நிழலில் வைக்க வீட்டுக்கார அம்மா முனகிக்கொண்டே சம்மதித்தார்.

காலியான அறையைக் கழுவிவிட்டு வெறுந்தரையில் மல்லாக்கப் படுத்தேன். என்ன சுகம்! வெள்ளைச் சீருடையை அயர்ன் செய்து கதவில் மாட்டினேன். மறுநாள் ஒன்றாம் தேதி.

அந்தச் சாயங்காலம் படிக்கட்டில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் இவர் ஒரு சாக்கு மூட்டையை மேலே இழுத்துக்கொண்டு வருகிறார். கீழே இன்னும் கிடக்கின்றன. முகமெல்லாம் பல்.

“ஏட்டி, நம்ம பேக்கிங்கப் பத்திக் கம்பெனில போன் பண்ணிப் பேசினாவ. டெல்லியிலேருந்து வாரதுலயே குறை சொல்ல முடியாதது நம்மளோடதுதானாம். மத்த ஆளுவ சேக்குததையும் நம்மகிட்டயே குடுத்துக் கட்டச் சொல்லிட்டாவ. நா சரின்னுட்டேன்.”

நான் கத்தினேன். மூட்டையைச் சொல்லிக் கத்தினேன். வெயில் அறையைச் சொன்னேன், ஒட்டாத மட்டமான டேப்பைச் சொன்னேன், பூசையைச் சொன்னேன், அவர் அம்மாவையும் விடவில்லை. ஒன்றாம் தேதியை மட்டும் சொல்லவில்லை. கதவில் சீருடை தொங்குகிறது, அதையுமா வாய்விட்டுச் சொல்ல வேண்டும்? பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்தபோது அவர் இல்லை. பால் வாங்கப் போயிருப்பார் என்று குளித்துச் சீருடை போட்டு, தலையைக் கொண்டை போட்டுக்கொண்டு காத்திருந்தேன். பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தது. போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். ஊரெல்லாம் பாட்டரி பொறுக்குகிற மனுஷர் போனில் சார்ஜ் இல்லை!

பூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று சாவியைக் கையில் எடுத்தேன். வெளியே போகும் முன் மூட்டைகளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. ஒரு மூட்டையின் பக்கவாட்டில் சூடு இருந்தது. டேப் ஒட்டாமல் அத்தனையும் அள்ளிப்போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கீழே அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. தெரிந்துகொண்டே எப்படிப் போவேன்? சாவியை வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மத்தியானம் வருகிறேன், வீட்டில் பாட்டரி சூடாக இருக்கிறது என்றேன். சொல்லும்போதே எனக்கே பைத்தியக்காரப் பேச்சாகத்தான் பட்டது. அடுத்த ஆள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள் சிஸ்டர், உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று நர்ஸிங் சூப்பிரண்டு போனை வைத்துவிட்டார்.

அழுதேன். அழுதுகொண்டே மூட்டையை அவிழ்த்துத் தரையில் பரப்பினேன். சூடான ஒன்றைத் தேடி எடுத்து மொட்டை மாடி மணலில் புதைத்துவிட்டு வந்து மற்றவற்றைப் பிரிக்க உட்கார்ந்தேன். வெயில் அறையிலிருந்து வெயில் இறங்கிப்போகிற நேரத்தில் இவர் வந்தார். கையில் ஒரு பெரிய பை.

“என்னட்டி வெள்ளை உடுப்புல உக்காந்திருக்க?” என்றவர் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. “ஐயோ... இன்னைக்கா அது?”

வேண்டுமென்றே போயிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஊரைக் கூட்டிச் சண்டை போட்டிருப்பேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறியிருப்பேன். இவர் மறந்துதான் போயிருந்தார்.

“டேப் ஒட்டலன்னு ராத்திரி அந்த ஏச்சு ஏசினீல்லா. அதான் விடியவும் சதர் பஜார் போயிட்டேன். அலையா அலைஞ்சு நல்லதாப் பாத்து எடுத்தேன்.” பையைத் திறந்து காட்டினார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது, உதடு காய்ந்திருந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது.

கையை நீட்டி ஒரு சுருளை வாங்கினேன். நல்ல டேப்தான். முதல் தடவையிலேயே ஒட்டியது.