ஹெல்மெட்டில் ஒட்டிய நீலப் பொட்டு

1. சக்கரம் எழும்பியது

டிரெய்லரின் பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. அதைப் பார்த்ததும் யார்டு சூப்பர்வைசரான நான் செய்த முதல் வேலை ஓடியதுதான். டிரெய்லரை நோக்கி அல்ல, எதிர்த் திசையில்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். டிரெய்லர் மேல் கன்டெய்னர் நகராமல் இருக்க நான்கு மூலையிலும் லாக் இருக்கும். நான்கையும் திறந்த பிறகுதான் ஸ்டாக்கர் வண்டி பெட்டியைக் கவ்வித் தூக்க வேண்டும். ஒன்று மாட்டிக்கொண்டாலும் பெட்டியோடு டிரெய்லரும் சேர்ந்து மேலே வரும். அன்றைக்கு எங்கள் திருவொற்றியூர் யார்டில் அதுதான் நடந்தது. லாக்கின் கைப்பிடி திரும்பியது. உள்ளே துருப்பிடித்துக் கிடந்த தலை திரும்பவில்லை. அது கம்பெனியின் சொந்த டிரெய்லர். அந்த லாக்கை மாற்றுங்கள் என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஸ்டாக்கரை ஓட்டியவன் ராயபுரம் ஆண்டனி. சக்கரம் ஒரு சாண் எழும்பியதுமே நிறுத்தி, முட்டைக் கூடையை வைப்பது போல இறக்கினான். அதற்குள் நான் எடைமேடையைத் தாண்டி, கேன்டீன் பக்கத்துக் காலி டிரம்களுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். ஹெல்மெட் வழியில் விழுந்துவிட்டது. அங்கிருந்தபடியே "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன். ஆண்டனி இன்ஜினை அணைத்து, இறங்கி, என்னைத் தேடி வந்த பிறகும் கத்திக்கொண்டிருந்தேனாம்.

யாருக்கும் அடியில்லை. லாக் மாட்டிய மூலையில் டிரெய்லர் மட்டும் கொஞ்சம் வளைந்துவிட்டது.

2. நான் நீலம், அவன் சிவப்பு

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் தலைமை அலுவலகம் ஒரு பயிற்சி நிபுணரை அனுப்பியிருந்தது. எல்லோரும் போனில் ஆளுமைச் சோதனை எழுத வேண்டுமாம். தப்பான குணம் வந்தால் கான்ட்ராக்டில் தள்ளிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பாத்ரூமுக்குள் தாழ் போட்டுக்கொண்டுதான் எழுதினேன்.

"விருந்தில் நீங்கள் ஓரமாக நிற்பவரா, நடுவில் நிற்பவரா?" என்று ஒரு கேள்வி. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் சாப்பிட்டு முடிக்கப் போகிறவனின் நாற்காலிக்குப் பின்னால் நிற்போம். அதற்குக் கட்டம் இல்லை. "நெருக்கடியில் நிதானம் இழப்பீர்களா?" என்று இன்னொன்று. 'ஒருபோதும் இல்லை' என்று அழுத்திவிட்டு, தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தேன்.

நான் நீலம் என்று முடிவு வந்தது. எதற்கும் அசையாதவர், நிதானமானவர். ஹெல்மெட்டில் நீலப் பொட்டு ஒட்டினார்கள். வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"பல்லி கத்துனா கட்டில் மேல ஏறுற மனுசன். உங்களுக்குப் பதிலா யாருங்க எழுதுனது?"

ஆண்டனிக்குச் சிவப்பு. யோசிக்காமல் பாய்கிறவன் என்று அர்த்தமாம்.

"இன்னா பாய், நான் நெருப்பு மாரின்றானுங்க. எங்கூட்டுக்காரி இனிமே கேஸ் சிலிண்டரே புக் பண்ண வேணாங்கிறா."

சிரித்தோம். ஆனால் சிரித்துவிட்டு நான் அந்தப் பொட்டைப் பிய்த்துப் போடவில்லை. பல நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யார்டில் மெதுவாக நடந்து பார்த்தேன்.

3. என்கொயரி

வேலை போகும் என்று நினைத்துத்தான் என்கொயரிக்குப் போனேன். ஹெச்.ஆர். மேனேஜர் டீ கொடுத்தார். பக்கத்தில் அந்தப் பயிற்சி நிபுணர். அறிக்கையைப் படித்துக் காட்டினார்கள். விபத்துக்குக் காரணம் ஆபரேட்டரின் அவசர சுபாவம். பெரிய சேதத்தைத் தவிர்த்தது சூப்பர்வைசரின் நிதானம். ஆண்டனியை வண்டியிலிருந்து இறக்கி, யார்டு கூட்டும் வேலைக்கு அனுப்புவார்கள், எனக்குப் பாராட்டு. துருப்பிடித்த லாக்கைப் பற்றி ஒரு வரி இல்லை.

"அவர் ரெட் டைப், காதர். உங்க ஆளுங்களே அவரை 'அவசரம்'னுதானே கூப்பிடுறாங்க?" என்றார் மேனேஜர்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பேரை வைத்தவன் நான். நாங்கள் டிபன் டப்பாவைத் திறப்பதற்குள் ஆண்டனி டப்பாவைக் கழுவிக்கொண்டிருப்பான். அதற்காக வைத்த பேர். யார்டில் யாருக்கும் நான் பேர் வைக்காமல் விட்டதில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த நிபுணர் போனில் கேள்வி கேட்டுச் செய்த அதே வேலையை, நான் ஒரு டிபன் டப்பாவைப் பார்த்தே செய்துவிட்டேன். அந்த ஆள் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி என் மேலேயே திரும்பியது.

"சார், அது சோறு துன்றதுக்கு வச்ச பேரு. நான் கத்துனதே அவன் வண்டியை நிறுத்துனதுக்கு அப்புறம்தான். ஓடிட்டேன்."

நிபுணர் மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா? புளூ டைப் எப்பவுமே கிரெடிட் எடுத்துக்க மாட்டாங்க."

"நெசமாத்தான் சார். டிரம்முக்குப் பின்னாடி குந்திகினு இருந்தேன்."

"பாதுகாப்பான தூரத்துலேர்ந்து நிலைமையைக் கவனிச்சிருக்கீங்க. கரெக்ட்டான அப்ரோச்."

ஒரு மனிதன் தன்னைக் கோழை என்று சொன்னால்கூட நம்ப மாட்டேன் என்கிறவனை என்ன செய்வது? எழுந்துவிட்டேன். குரல் கீச்சென்று வந்தது.

"அந்த லாக்கு இன்னா டைப் சார்? துருவுக்கு இன்னா கலர் பொட்டு வைப்பீங்க? எடைமேடைல கேமரா கீதுல்ல, அதப் போடுங்க. ஆண்டனியைக் கூப்டுங்க, டிரெய்லர் டிரைவரைக் கூப்டுங்க, எல்லார் முன்னாடியும் போடுங்க."

போட்டார்கள். திரையின் மேல் பக்கம் டிரெய்லர் எழும்புகிறது, நிற்கிறது, பூப்போல இறங்குகிறது. கீழ்ப் பக்கம் ஒரு தொப்பைக்காரன் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். அவனுக்குப் பின்னால் நீலப் பொட்டு வைத்த ஹெல்மெட் தனியாக உருண்டு வருகிறது. அவன் டிரம்முக்குப் பின்னால் மறையும்போது, மேலே சக்கரம் தரையில் உட்கார்ந்தே விட்டது.

"இன்னொரு வாட்டி போடு சார்," என்றார் டிரைவர்.

போட்டார்கள். நிபுணர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிக்கை மாறியது. காரணம் லாக் என்று எழுதினார்கள். எல்லா டிரெய்லரிலும் லாக்கை மாற்றினார்கள். ஆண்டனி திரும்பவும் வண்டியில் ஏறினான். எனக்குப் பாராட்டு இல்லை. மறுபடியும் சோதனை எழுதச் சொன்னார்கள். அந்த நிபுணர் இப்போது வேறு ஏதோ யார்டில் பொட்டு ஒட்டிக்கொண்டிருப்பார். நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

4. பேர்

இனி யாருக்கும் பேர் வைப்பதில்லை. புதிதாக வருகிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன்: முதலில் லாக்கைப் பார், அப்புறம் ஆளைப் பற்றிப் பேசு.

அந்த 'அவசரம்' என்ற பேருக்காக மன்னிப்புக் கேட்கப் போனபோது ஆண்டனி காலி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வுடு பாய். நானும் உனுக்கு ஒரு பேரு வச்சிகீறேன்."

"இன்னா பேரு?"

"சொல்ல மாட்டேன். சொன்னா நீ அதும் மாரியே நடக்க ஆரமிச்சிருவ."