குதிர் மூலையை விட்டு வெளியே வந்த காளியம்மா

காளியம்மாவை நம்பி வந்திருக்கிற அக்கா தங்கச்சிமார்களே, என் மகள் செல்வியின் மூச்சைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளின் கடைசி. சாமை அடித்து முடித்த கார்த்திகை மாதம். அவளுக்கு நாலு வயது. இழுப்பு வந்தால் விலா எலும்பெல்லாம் தெரியும், உதடு நீலம் பாய்ந்துவிடும். பெற்ற வயிறு என்ன பாடுபடும்!

எங்கள் வீட்டில் சாமை கொட்டி வைக்கும் குதிர் நிற்கிற மூலைதான் சாமி மூலை. காளியம்மா அங்கே கல்லாக இருந்தாள். யாருக்கு நோவு வந்தாலும் அவள் காலடியில்தான் பாய் விரிப்போம். செல்வியையும் அங்கேதான் கிடத்தினேன். "உன் காலடிய வுட்டு நவுத்த மாட்டேன், நீயே பாத்துக்க தாயே" என்று அழுதேன். இழுப்போ கூடிக்கொண்டே போனது. "உனுக்கு கண்ணு அவிஞ்சி போச்சா?" என்று சாமியையே திட்டினேன். என் வாய் அப்படி.

ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர், "போதும் புள்ள, கீழ ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறினோம். மலைப்பாதை முழுக்கப் பனிமூட்டம். ஒரு மரம் தெரியும், உடனே கரைந்துபோகும். பஸ் ஓடுகிறதா மிதக்கிறதா என்றே தெரியவில்லை. மடியில் செல்வி. எனக்குக் கண் செருகியது.

எங்கள் வாசல் பலா மரத்தடியில் சிவப்புப் புடவைக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் ஒட்டிய உமியைத் தட்டிக்கொண்டே, "உள்ள தூசி தாங்கலடி. என்னையும் வெளிய கூட்டியாந்து வையேன்" என்றாள். யாரென்று கேட்பதற்குள் வளைவில் பஸ் குலுங்கி விழித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் செல்வியின் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் டாக்டரம்மா கூப்பிட்டார். "ரத்தத்துல ஈசனோபில்னு ஒரு அணு இருக்கும்மா. ஒத்துக்காதது ஏதாவது உள்ளே போனா அது ஏறும். உங்க பொண்ணுக்கு ரொம்ப ஏறியிருக்கு. எங்கே படுக்குறா?"

"குதிராண்டதாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அங்கே தூசி இருக்குமே?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. "ஐயோ, அவ சொன்னாளே!" என்று கத்திவிட்டேன்.

"யாரு புள்ள?"

"நம்ம காளியம்மாதான்யா! அவளுக்கே தாங்கலயாம்!"

டாக்டரம்மா மருந்து கொடுத்தார். குழந்தையை அந்த மூலையிலிருந்து உடனே மாற்றச் சொன்னார். வீடு வந்ததும் செல்வியின் பாயை வாசல் அறைக்கு மாற்றினேன். காளியம்மா கல்லைத் தொட என் வீட்டுக்காரர் தயங்கினார். "இன்னா புள்ள, சாமிய நவுத்தலாமா?"

"அவளே கேட்டாய்யா, தூக்கு!"

பலா மரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்டுக் காளியம்மாவை உட்கார வைத்தோம். இழுப்பு மெல்ல மெல்ல விட்டது. தைப்பொங்கல் கழிந்து மறுபடியும் ரத்தம் பார்த்தார்கள். அணு இறங்கியிருந்தது. டாக்டரம்மா முன்னாலேயே கும்பிட்டு அழுதேன்.

இன்று செல்வி புளிய மரமெல்லாம் ஏறுகிறாள், கீழே நின்று நான்தான் கத்துகிறேன். உங்களுக்கும் கஷ்டம் வந்தால் காளியம்மாவைக் கேளுங்கள், திட்டியாவது கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கும் போங்கள். கண் அவிந்து போச்சா என்று நான் கேட்டபோது, அதே தூசியில் என் பிள்ளையோடு அவளும்தானே மூச்சு முட்டிக் கிடந்தாள்! அப்படிப்பட்டவள் நம்மை விட்டுவிடுவாளா?