தடாகத்தை இறைத்தவன்

கடந்த சனிக்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். ஒன்பதரைக்கு அது முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டு நீச்சல் தடாகத்தைக் குளிர்காலத்துக்கு மூடும் வேலையை இந்த வருடம் நானே கையில் எடுத்திருந்தேன். ஒஸ்லோவில் தமிழனுக்குத் தடாகமா என்று கேட்காதீர்கள். ஆடம்பரம் இல்லை. என் மனைவி வசந்திக்கு இடுப்பு மூட்டில் தேய்மானம். நீந்தச் சொன்னார் டாக்டர். அதற்காகவே ஹவுகன்ஸ்டுவாவில் இருந்த அடுக்குமாடி வீட்டை விற்று, தடாகம் இருந்த இந்தப் பழைய வீட்டை வாங்கினோம். கோடையில் அவள் கைத்தடி இல்லாமல் நடக்கிறாள் என்றால், அந்தத் தண்ணீரால்தான்.

வழக்கமாக ஒரு கொம்பனிக்காரர் வந்து மூடுவார். இம்முறை அவர் தந்த திகதி மிகவும் பிந்தியது. அதற்குள் உறைந்துவிட்டால்? நானே படித்தேன். குழாய்களில் நிற்கும் தண்ணீரை எப்படி ஊதி வெளியேற்றுவது, எந்தத் துவாரத்துக்கு எந்த ரப்பர் மூடி, என்ன மருந்து, எவ்வளவு... ஒன்றும் விடவில்லை.

வசந்தி சொன்னது ஒன்றுதான்.

"இஞ்சாருங்கோ, உங்கடை கெட்டித்தனத்தைக் காட்டப்போய் என்ரை தடாகத்தைப் பழுதாக்கிப்போடாதேங்கோ."

நான் படிக்காமல் விட்டது ஒரே ஒரு விஷயம் — எவ்வளவு தண்ணீரை உள்ளே விடவேண்டும் என்பது. அதை ஏன் படிக்கவேண்டும்? யாழ்ப்பாணத்தில் வருடா வருடம் கிணறு இறைத்த ஆள் நான். அடிவரை இறை, சேற்றை அள்ளு, உரஞ்சிக் கழுவு. தடாகத்தின் அடியிலும் பேர்ச் மரத்து இலைகள் அழுகிக் கிடந்தன. வெள்ளி காலை பம்பை இறக்கினேன். சனி காலை முழங்காலளவு தண்ணீர்தான் மிச்சம்.

அப்போதுதான் பக்கத்துத் தெரு செந்தில் வந்தார். திருச்சிக்காரர். இங்கே மண் ஆராய்ச்சியில் வேலை.

"அண்ணா, ஜாக்கி இருக்கா? வின்டர் டயர் மாத்தணும்..." என்று வந்தவர் அப்படியே நின்றார். "என்ன பண்றீங்க?"

"துப்புரவாக்கிறன் தம்பி. வாரும், வந்து பாரும்."

"முதல்ல பம்ப்பை நிறுத்துங்க!"

நான் அசைவதற்குள் அவரே பிளக்கைப் பிடுங்கினார்.

"ஒரு வாரமா மழை, அண்ணா. மண்ணு பூரா தண்ணி. உள்ள இருக்கிற தண்ணியோட கனத்துலதான் இந்த ஃபைபர் தொட்டியே உக்காந்திருக்கு. காலி பண்ணினா படகு மாதிரி மேல வந்துடும்."

"பகிடி விடாதையும். தடாகம் எங்கையாவது மிதக்குமே?"

"மிதக்கும். எனக்குச் சம்பளம் குடுக்கிறதே இதைக் கணக்குப் போடத்தான்."

தேநீரோடு வந்த வசந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு செந்திலிடம் கேட்டாள்.

"இனி என்ன தம்பி செய்யலாம்?"

"திரும்ப நிரப்பணும் அக்கா. இப்பவே."

எதிலிருந்து? வெளிக்குழாயை வியாழக்கிழமையே மிகக் கவனமாகக் குளிருக்கு அடைத்திருந்தேன். உடுப்புத் தோய்க்கும் அறையிலிருந்து ஒரு ஹோஸ், குசினியிலிருந்து இன்னொன்று, இரண்டும் ஜன்னல் வழியாக. வீடு முழுவதும் குளிர்காற்று. செந்தில் தன் ரசமட்டத்தைக் கொண்டுவந்து தடாகத்தின் விளிம்பில் வைத்தார். குமிழ் சரியாக நடுவில் நின்றது. அதன் பக்கத்தில் கதிரை போட்டு, குடை பிடித்து உட்கார்ந்துகொண்டாள் வசந்தி.

மதியம் கத்தினாள்.

"அசைஞ்சிட்டுது!"

குமிழ் ஒரு நூலளவு நகர்ந்திருந்தது. தெருப்பக்கமாக. செந்தில் உள்ளே ஓடிப்போய்க் குசினிக் குழாயை முழுதாகத் திறந்தார். நான் வாளியைத் தூக்கினேன். யாரும் சிரிக்கவில்லை.

கிணற்றை இறைத்தால் ஊற்று உள்ளே வரும். தடாகத்துக்குள் ஊற்று வரமுடியாது — ஆகவே தடாகத்தையே தூக்கும். நிலத்தடித் தண்ணீர் இரண்டு ஊரிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. வாளி சுமக்கும்போது இதெல்லாம் நன்றாக விளங்குகிறது!

தெரியாத விஷயத்தைப் பத்து இடத்தில் தேடிப் படிக்கிறோம். தெரிந்த விஷயத்தை யார் தேடிப் பார்க்கிறார்கள்? வாழ்க்கையில் நான் விட்ட பெரிய பிழைகளை எண்ணிப் பார்த்தேன். அநேகமாக எல்லாமே எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களில்தான்.

ஞாயிறு பின்னேரம் தண்ணீர், பக்கச் சுவரில் இலை உறிஞ்சும் வாய்க்கு ஒரு சாண் கீழ்வரை ஏறி நின்றது. இருக்கவேண்டிய மட்டம் அதுதானாம். குமிழ் மெல்லத் திரும்பி நடுவுக்கு வந்தது. விளிம்பில் வெடிப்பு இல்லை. மூன்று பேருமாகப் படங்கை இழுத்து மூடினோம். வசந்தி குனிந்து, படங்கின் மேல் ஒருதரம் கையை வைத்துப் பார்த்தாள்.

செந்தில் ஜாக்கியோடு புறப்பட்டபோது வசந்தி சொன்னாள்.

"மே மாதம் நீங்கள்தான் வந்து திறக்கோணும் தம்பி. வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அண்ணா இருப்பாரே அக்கா?"

"அவரை அண்டைக்கு எங்கையாவது அனுப்பிவிடுறன்."

மே மாதத்தில் போய்வர நல்ல இடம் ஏதும் தெரிந்தால், வாசகர்கள் எழுதலாம்.