மரையடியில் கற்கண்டு

ஜெர்மிஸ்டனில் ரயில் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சோதனைக்கூடத்துக்கு உடைந்த பொருள்கள் மட்டுமே வரும். அச்சு, பல்சக்கரம், சங்கிலி, சுரங்கத்துக் கம்பிவடம். வெட்டிக் கொடுப்பவன் நான். பார்ப்பவர் செய்பாத்தி லெகான்யா. பத்தொன்பது வருடங்களாக எலக்ட்ரான் நுண்ணோக்கி அவர் கையில்தான். கல்லூரிப் படிப்பு கிடையாது. மாதிரிகளுக்கு மெருகேற்றும் வேலைக்கு வந்தவர், மதிய இடைவேளைகளில் இயந்திரத்தின் கையேட்டை இரண்டு முறை படித்து முடித்தார். மூன்றாம் முறை படித்தபோது அதில் இருந்த ஒரு பிழையைக் கண்டுபிடித்து, தயாரித்தவர்களுக்கே கடிதம் எழுதினார்.

போன மார்ச்சில் ரஸ்டன்பர்க் பக்கத்துப் பிளாட்டினச் சுரங்கம் ஒன்றிலிருந்து ஒரு பை வந்தது. பூமிக்கடியில் பாறை சுமக்கும் பெல்ட்டின் மோட்டார் தாங்கியோடு விழுந்து, ஓர் ஆளின் பாதம் நசுங்கியிருந்தது. தாங்கியைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளில் இரண்டு அறுந்துவிட்டன. அவற்றை இரண்டு நாள் முன்பு மாட்டியவர் மொஹாவ் என்ற ஃபிட்டர். அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார் என்பது நிர்வாகத்தின் குற்றச்சாட்டு. நிரூபணமானால் அவருடைய தொழில் சான்றிதழ் போய்விடும். விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

பையைத் திறக்கும்போது சாட்சியாக மொஹாவையும் தொழிற்சங்கம் அனுப்பியிருந்தது. கூடவே சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி கோபஸ் வந்திருந்தார். போல்ட்டுகளை எடுத்த செய்பாத்தி அப்படியே நின்றுவிட்டார். உடைந்த முகம் இரண்டும் பளபளவென்று மின்னின.

"இதை யாரு தேய்ச்சது?"

"நான்தாங்க அக்கா," என்றார் மொஹாவ். "கம்பி பிரஷ் போட்டேன். அழுக்கோட கொண்டு போனா ஸ்டோர்ல வாங்கவே மாட்டாங்க. எங்க சுரங்கத்துல அதான் வழக்கம். முப்பது வருஷமா அப்படித்தான் குடுக்கறேன்."

கோபஸ் சிரித்தார். "பாத்தீங்களா? தனக்கு இருந்த ஒரே சாட்சியையும் அவரே தேய்ச்சு அழிச்சுட்டாரு!"

"அண்ணே, ஒரு எழவு வீட்டுல பிணத்தோட முகத்தைச் சுரண்டுவீங்களா?" என்றார் செய்பாத்தி. மொஹாவ் தலை குனிந்தார். "சரி விடுங்க. பிரஷ் எங்க போகலையோ, அங்க பாப்போம்."

தலைப்பகுதியை ஒட்டி நான் வெட்டிக் கொடுத்தேன். முதல் நாள் திரையில் கீறல்கள்தான் தெரிந்தன. நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும் கிண்ணம் கிண்ணமாகச் சிறு குழிகள். இரும்பு இழுபட்டு அறுந்தால் வரும் அடையாளம் அது.

எங்கள் மேலாளர் ஹென்னி எட்டிப் பார்த்தார். "குழி இருக்கே. இழுத்து அறுந்ததுன்னு எழுதி முடிச்சிடலாமே?"

"நடுவுல குழிதான் இருக்கும், ஹென்னி. அது கடைசியா அறுந்த இடம். எங்க ஆரம்பிச்சதுன்னு கேளுங்க."

போல்ட்டின் திருகு மரையின் அடியில்தான் விரிசல் தொடங்கும். செய்பாத்தி மாதிரியைப் பாகை பாகையாகச் சாய்த்து, விளிம்பு முழுவதையும் சுற்றி வந்தார். இரண்டாம் நாள் மாலை என்னைக் கூப்பிட்டார். மரையின் உதடு மறைத்த ஓர் இடுக்கில், தலைமயிரின் அகலம்கூட இல்லாத ஒரு கீற்று. பிரஷ் அதைத் தொடவே இல்லை. அங்கே குழி இல்லை. உடைத்த கற்கண்டு போல, மூலை மூலையாக, வழவழப்பான முகங்களோடு மணிமணியாகப் பிரிந்து கிடந்தது இரும்பு.

எனக்கும் புரிந்துவிட்டது. இந்த வகைக் கடினமான போல்ட்டை முதலில் அமிலத்தில் முக்கி, பிறகு துத்தநாகம் பூசுகிறார்கள். அப்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். உடனே பல மணி நேரம் அடுப்பில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். அந்த வேலையை விட்டுவிட்டால், சரியாக இறுக்கிய போல்ட்டும் ஓரிரு நாள் கழித்துத் தானாக அறும்.

"ஒரு கீற்றை வச்சு ஒருத்தர் சான்றிதழைக் காப்பாத்த முடியாது," என்றார் செய்பாத்தி. மொஹாவ் எடுத்த அதே பெட்டியிலிருந்து ஆறு புது போல்ட் வரவழைத்தார். வேறு பெட்டியிலிருந்து இன்னும் ஏழு. அதிலும் இதிலும் ஆறாறை, புத்தகத்தில் உள்ள அளவுக்கு மட்டும் இறுக்கி, இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மீதமிருந்த ஒன்றை, ஸ்பேனர் பிடியில் நீளக் குழாய் போட்டு, அறும்வரை வேண்டுமென்றே முறுக்கினார்.

பூட்டிய மூன்றாம் நாள் நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். ஹென்னியின் கோப்பை தளும்பியது. செய்பாத்தி மணியைக் குறித்துக்கொண்டு மீதித் தேநீரைக் குடித்தார். வார முடிவுக்குள் மொஹாவ் எடுத்த பெட்டியின் ஆறில் நான்கு தலை தெறித்திருந்தன. நான்கின் மரையடியிலும் கற்கண்டு. மற்ற பெட்டியின் ஆறும் அசையவில்லை.

விசாரணையில் நிர்வாகத்தின் வழக்கறிஞர் எழுந்தார்.

"அம்மா எந்தப் பல்கலைக்கழகம்?"

"எதுவும் இல்லைங்க ஐயா."

"அப்புறம் எந்தத் தைரியத்துல இதைச் சொல்றீங்க?"

மூன்று படங்களை மேசையில் வரிசையாக வைத்தார் செய்பாத்தி. "இது நல்ல போல்ட்டை நானே அளவு மீறி இறுக்கி அறுத்தது. இது அந்தப் பெட்டியில தானா அறுந்தது. இது அண்ணன் மாட்டினது. மூணாவது எதோட ஜாடைன்னு நீங்களே சொல்லுங்க."

"தேய்ச்ச இடத்துல என்ன இருந்ததாம்?"

"தெரியாது. அழிஞ்சு போச்சு. அதைப் பத்தி ஒரு வார்த்தையும் நான் எழுதலை. தேய்ச்சது தப்புதான். ஆனா தேய்ச்சதால கற்கண்டு முளைக்காது."

விசாரணை நடத்திய சுரங்க ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வழக்கறிஞர் படங்களை மீண்டும் ஒருமுறை பார்த்தார், பிறகு உட்கார்ந்துகொண்டார். எங்கள் கூடத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொள்ள அன்றுபோல் என்றும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

மொஹாவ் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது. அதே பெட்டிச் சரக்கு சுரங்கத்தில் இன்னும் பதினெட்டு இடங்களில் மாட்டப்பட்டிருந்தது. அத்தனையும் கழற்றி மாற்றும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டில், தன் சொந்த ஸ்பேனர்களோடு அவர் கீழே இறங்கினார்.