டிசம்பர் வரை சுத்தமான தண்ணீர்

மாஜிதா நுண்ணுயிரியல் படித்து முடித்துப் பதினோரு வருஷம் ஆகியும் அந்தப் படிப்புக்கு ஒரு வேலையும் வந்ததில்லை. கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள், கணவன் ஹுஸைஃபா தம்மாமுக்குப் போனான். பட்டச் சான்றிதழ் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. அதைத் தேடி முதன்முதலில் வந்தவர் நாறும்பூநாதன் அண்ணாச்சிதான். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் கேன் தண்ணீர் கம்பெனி நடத்துகிறவர். தண்ணீரைப் பரிசோதிக்கப் படித்த ஆள் ஒருவர் கம்பெனியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இருந்தவர் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். லைசென்ஸ் புதுப்பிக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

“நீ வந்து கஷ்டப்பட வேண்டாம்மா. சர்டிபிகேட்டை மட்டும் குடு, ஃப்ரேம் போட்டு மாட்டிக்கிடுதேன். சம்பளம் மாசாமாசம் வீட்டுக்கு வந்துரும்” என்றார்.

“அது தனியா பஸ் ஏறி வராது அண்ணாச்சி. நானும் கூட வாரேன்” என்றாள் மாஜிதா.

அவர் அதை விளையாட்டுப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டார். ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் போய் நின்றபோது, உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை.

ஆய்வுக்கூடம் என்னவோ இருந்தது. கண்ணாடிக் கதவு, வெள்ளை டைல்ஸ், உள்ளே செருப்புடன் வராதே என்ற அறிவிப்பு. கிருமியை வளர்த்துப் பார்க்கும் இன்குபேட்டர்கூட நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. வேலையாட்கள் மத்தியானச் சாப்பாட்டை ஆறிப்போகாமல் இருக்க அதற்குள்தான் வைத்தார்கள். பரிசோதனைப் பதிவேடும் இருந்தது. புரட்டிக்கொண்டே போனவளுக்கு ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. முன்னே இருந்தவர் பொறுப்பான மனிதர். வேலையை விட்டுப் போகும்முன் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் முடிவுகளை எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார். வரப்போகிற தீபாவளியன்று பிடிக்கப்போகும் தண்ணீரில்கூட ஒரு கிருமியும் இல்லை.

மாஜிதா சாப்பாட்டுப் பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்தாள். பஜாரில் புது நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினாள்.

அவளுடைய சோதனை எளிமையானது. கண்ணாடிக் குழாயில் மருந்துத் திரவத்தோடு தண்ணீரைக் கலந்து, உள்ளே ஒரு குட்டிக் குழாயைக் கவிழ்த்து, கதகதப்பில் வைக்க வேண்டும். குட்டிக் குழாயில் காற்றுக் குமிழி நின்றால் அந்தத் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். முடிவு தெரிய இரண்டு நாள் ஆகும். ஆனால் காலையில் பிடித்த கேன்கள் சாயங்காலமே லாட்ஜுகளுக்குப் போய்விடும். ஜூலையில் சாரல் பிடித்து அருவிகளில் கூட்டம் நெரிய ஆரம்பித்தது. லாரி ஒரு நாளைக்கு மூன்று நடை ஓடியது. ஒரு வியாழக்கிழமை காலை, ஐந்து குழாய்களில் மூன்றில் குமிழி நின்றது. செவ்வாய்க்கிழமைத் தண்ணீர் அது.

ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்: “குடிச்சு முடிச்ச தண்ணிக்கு இப்ப ரிசல்ட் தெரிஞ்சு என்னம்மா செய்யப்போறோம்?”

கிருமி எங்கே சேர்கிறது என்று மாஜிதா மூன்று நாள் ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கிணற்றுத் தண்ணீரில் குறையில்லை, வடிகட்டி வந்த தண்ணீரிலும் இல்லை. கடைசியில், லாட்ஜிலிருந்து திரும்பி வந்த காலிக் கேன் ஒன்றின் வாயில் விரலை விட்டுத் தடவினாள். வழுக்கியது. அருவியில் குளிக்க உடம்பெல்லாம் மசாஜ் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் அதே கையால் கேனைத் தூக்கிக் குடிப்பார்கள். கம்பெனியில் அதை வெறும் தண்ணீரில் ஒரு அலசு அலசி மறுபடி நிரப்புவார்கள்.

சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவ வேண்டும், குளோரின் தண்ணீரில் அலச வேண்டும், முடிவு வரும்வரை கேன்கள் வெளியே போகக்கூடாது என்றாள். சீசன் முடியட்டும் என்றார் அண்ணாச்சி. மாஜிதா ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரிலிருந்து தன் சான்றிதழைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவர் அப்படியே வழிக்கு வந்தார்.

முடிவுக்குக் காத்திருந்த முதல் இரண்டு நாள் கம்பெனியிலிருந்து ஒரு கேனும் போகவில்லை. லாட்ஜ்காரர்கள் செல்லச்சாமி என்பவரிடம் தண்ணீர் வாங்கிக்கொண்டார்கள். அவர் தோட்டத்துக் கிணற்றிலிருந்து டெம்போவில் கொண்டு வந்து ஊற்றுகிறவர். லைசென்ஸ் வைத்திருப்பவர்களைத்தான் சோதிக்க ஆள் வரும். அவரிடம் லைசென்ஸ் இல்லாததால் யாரும் போய்ச் சோதித்ததில்லை. தண்ணீர் தேனாக இருக்கிறது என்று விருந்தாளிகள் சொன்னார்களாம்.

ஆகஸ்டில் சோதனைக்கு வந்த அதிகாரியின் பெயர் ஜெனி. இளம் வயசு, சொந்தத் தண்ணீர் பாட்டிலோடு வந்திருந்தார். தேறவில்லை என்று நாலு இடத்தில் எழுதியிருந்த மாஜிதாவின் நோட்டை அண்ணாச்சி அவசரமாக அலமாரிக்குள் தள்ளி, ஒரு குறையும் இல்லாத பழைய பதிவேட்டைப் பணிவாக நீட்டினார். ஜெனி நிதானமாகப் படித்தார்.

“நவம்பர் ரிசல்ட்டும் வந்துட்டே சார். உங்க லேப் ரொம்ப வேகம்.”

அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. மாஜிதா அலமாரியைத் திறந்து தன் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். எது எப்போது தேறவில்லை, காரணம் என்ன, எப்படிச் சரிசெய்தார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. ஜெனி அதை இரண்டு தடவை படித்தார். இந்த ஜில்லாவில் தான் பார்த்த பதிவேடுகளில் நம்பக்கூடியது இது ஒன்றுதான் என்றார். பதினோரு வருஷத்தில் மாஜிதாவின் படிப்பை யாரும் பாராட்டியதில்லை.

பிறகு ஜெனி ஒரு கேனை எடுத்து, லேபிளில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார்.

பத்து நாளில் தபால் வந்தது. ஜெனி எடுத்துப்போன தண்ணீர் மாதிரி எல்லாச் சோதனையிலும் தேறியிருந்தது. வராத நாளுக்கு முடிவு எழுதியதற்கு ஒரு எச்சரிக்கை. லேபிளில் தேதி எழுத்து விதி சொன்ன அளவைவிடச் சின்னதாக இருந்ததால், புது லேபிள் அச்சடித்து வரும்வரை உற்பத்தி நிறுத்தம். சுத்தமாகக் கழுவின கேன்கள் பதினாறு நாள் கவிழ்ந்தே கிடந்தன. செல்லச்சாமி இரண்டாவது டெம்போ வாங்கினார்.

மாஜிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. போனில் ஹுஸைஃபாவிடம் சொன்னபோது, அந்த அம்மா உன்னைப் பாராட்டினதா தண்டித்ததா என்று கேட்டான். இரண்டுந்தான், இரண்டும் விதிப்படிதான் என்றாள்.

கம்பெனி மறுபடி திறந்ததும் அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். தேறவில்லை என்று அவள் எழுதியிருந்த பக்கத்தைப் பெரிதாக நகலெடுத்து, லேமினேட் செய்து, லாட்ஜ் லாட்ஜாகக் கொண்டுபோய் மாட்டினார். எங்கள் தண்ணீரில் குறை இருந்தால் நாங்களே எழுதிவைப்போம் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். அந்த எழுத்துக்கு எந்த விதியும் இல்லை. ஆர்டர் முன்னைவிடக் கூடியது. அதைக் கழற்றிவிடச் சொல்லி மாஜிதா கெஞ்சிப் பார்த்தாள்.

“இருக்கட்டும்மா. இந்த மாசமும் ஒண்ணு ரெண்டு தேறலைன்னு எழுதேன், மாத்தி மாட்டுவோம்” என்றார் அவர்.

அந்த மாதம் எந்தக் குழாயிலும் குமிழி நிற்கவில்லை. அவள் அதைத்தான் எழுதினாள்.