மாடியில் படம், வாசலில் ‘வாடகைக்கு’ போர்டு

ஓவியக் கண்காட்சியில் மேசை போட்டு உட்காருகிறவரிடம் ஓவியத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தண்ணீர் கிடைக்குமா, கழிப்பறை எங்கே, இங்கே என்ன விற்கிறீர்கள் என்பார்கள். இந்த வேலை பார்த்து அவதிப்பட்ட உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதைத் தாண்டி ஒரு கேள்வி வந்தால் நீங்களும் என்னைப் போல எழுந்தே நின்றிருப்பீர்கள்.

நான் அப்போது மண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர். சுற்றிலும் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். ஸ்ரீபெரும்புதூரில் ஏகாம்பரம் என்பவர் புதிதாகக் கட்டிய மாடி வாடகைக்குப் போகாமல் காலியாகக் கிடந்தது. நாலு பேர் ஏறி இறங்கினால் இடம் பிரபலமாகும் என்று கணக்குப் போட்டு, கோடை விடுமுறைக்கு மட்டும் கண்காட்சி வைக்க எங்களிடம், படம் வரைகிற நண்பர்கள் சிலரிடம், கொடுத்தார். ‘வாடகைக்கு’ போர்டை மட்டும் கழற்றவில்லை. படங்களில் பாதிக்கு மேல் குணசேகர் வரைந்தவை. அவர் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தூரிகையைப் பிடித்தவர். இந்தக் கோடையில் ஒன்றும் விற்காவிட்டால் மறுபடி ஷிப்டுக்கே போய்விடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

முதல் நாள் கூட்டம்

கதவைத் திறந்தபோது படி நிறைய இளைஞர்கள். எண்ணெய் வைத்துத் தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, கையில் ஆளுக்கொரு ஃபைல். குணசேகருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எல்லோரும் வந்து நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவர்கூடச் சுவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்கள். பார்வையாளர் புத்தகத்தை நீட்டினேன். ஐடிஐ, ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்று எழுதிக்கொண்டே போனார்கள்.

மேசை, பேனா, பேர் எழுதும் புத்தகம். இந்த ஊரில் அப்படி இருந்தால் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அர்த்தம். இது ஓவியக் கண்காட்சி, வேலை எதுவும் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். விருதுநகரிலிருந்து வந்திருந்த ஒரு பையன் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்து நின்றான்.

“பெயின்ட் அடிக்கிற வேலைன்னாலும் சேந்துக்கிடுவேன் மேடம்.”

ஒரு ஷிப்டுக்கு எத்தனை?

உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த ஒருவர் வந்தார். நிஜமாகவே படங்களைப் பார்த்தார். கிட்டப் போய், தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு ஷிப்டில் எத்தனை படம் முடிப்பீர்கள் என்று குணசேகரிடம் கேட்டார். இது ஒன்றுக்கே ஒரு மாதம் ஆனது என்று குணசேகர் பெருமையோடு சொன்னார். சூப்பர்வைசர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. குணசேகரின் தோளைத் தொட்டு, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னார்:

“அப்ப உங்க புரொடக்‌ஷன் லைன்ல எங்கியோ பிரச்சினை இருக்கு சார்.”

அன்று குணசேகர் மத்தியானம் சாப்பிடவில்லை.

வரப்பு

சேரப்பணஞ்சேரி வயல்வெளியைக் குணசேகர் பெரிதாக வரைந்து வைத்திருந்தார். அந்த ஊர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அது அவரும் அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்ட குடும்ப நிலமாம். மறுநாள் அண்ணனையும் கூட்டி வந்தார். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு, வரப்பைத் தன் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறது என்றார். கம்பெனிக்காரர்கள் நிலம் கேட்டு அலைந்த சமயம் அது. ஒரு முழம் மண்ணுக்கும் விலை இருந்தது. தம்பி சொல்லிக்கொடுத்துத்தான் இப்படி வரைந்தீர்களா என்று குணசேகரையே கேட்டார். இந்தப் படத்தைத் தாசில்தாரிடம் காட்டப்போவதாகத் தம்பி சொல்ல, சத்தம் தெருவரைக்கும் போனது.

குணசேகர் பயந்துபோய் ஒரு வழி கண்டுபிடித்தார். இருவரையும் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, வரப்பு இருந்த இடத்தில் நீட்டுவாக்கில் ஓர் எருமையைப் படுக்க வைத்தார். நல்ல எருமை. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மறுநாள் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். கோபம் தணிந்த மாதிரிதான் தெரிந்தது. அண்ணன்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

“வரப்பு போச்சி, சரி. படுத்துனு கீதே எருமை, அது யாருது?”

கடல் பார்த்த பையன்

மாமல்லபுரத்தில் வரைந்த ஒரு கடல் படமும் இருந்தது. வெறும் தண்ணீரும் வானமும்தான். அதன் எதிரில் தினமும் காலையில் ஒரு பையன் வந்து உட்காருவான். பெயர் அந்தோணி, தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். நைட் ஷிப்டு முடிந்து நேராக வருவான். அவன் அறையில் ஆட்கள் அதிகம், பகலில் படுக்க முறை வைத்திருந்தார்கள். அவன் முறை வரும்வரை கடல். ஊரில் அப்பாவோடு கட்டுமரத்தில் போனதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வான். இந்தப் படத்தைப் பார்த்தால் காதில் அலைச் சத்தம் கேட்கிறது என்றான். அதைக் கேட்டு குணசேகர் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

ஒருநாள் அவன் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். அறைக்குப் பெண்களைக் கூட்டிப் போக முடியாது, அதனால் இங்கே அழைத்து வந்தான். கருவாட்டுப் பொட்டலத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு அந்த அம்மாவும் கடலுக்கு எதிரில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவன் நாற்காலியிலேயே தூங்கிப்போனான். அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். படம் எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கு தாயி. இதையே பாத்துக்கிட்டு ஒக்காந்திரக் கூடாதுன்னுதான் இவன இங்க அனுப்புனேன்.”

ஆணி

கண்காட்சி முடிய ஒரு வாரம் இருந்தபோது ஏகாம்பரம் ஒரு அம்மாளை அழைத்து வந்தார். கொரியாவிலிருந்து வரும் எஞ்சினியர்களுக்குச் சாப்பாட்டுக் கடை வைக்க இடம் தேடிச் சென்னையிலிருந்து வந்தவர். அடுப்பு எங்கே, பாத்திரம் கழுவ எங்கே என்று அளந்து பார்த்துவிட்டுப் போனார். உடனே காலி செய்யுங்கள் என்று மறுநாளே வந்து சொன்னார் ஏகாம்பரம். அதுவரை ஒரு படமும் விற்கவில்லை. குணசேகர் ஸ்டூலைப் போட்டு ஏறி முதல் படத்தைக் கழற்றினார். ஏகாம்பரம் ஓடி வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். படங்களோடு சேர்த்துத்தான் இடத்தைப் பேசி முடித்திருக்கிறாராம்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த அம்மாளுக்கே போன் செய்து, படங்கள் ஏகாம்பரத்துடையவை அல்ல என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படங்களுக்காகத்தான் அந்த மாடியையே பிடித்ததாம், குணசேகருக்கும் மற்றவர்களுக்கும் பணம் தனியாகக் கொடுத்துவிடுகிறேன் என்றார். சொன்னபடியே எருமை உட்பட எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடலை மட்டும் குணசேகர் தரவில்லை. அதை அந்தோணியின் அறையில் மாட்டிவிட்டு வந்தார். கம்பெனி வேலைக்கும் திரும்பிப் போகவில்லை. ஏகாம்பரத்துக்கு மட்டும் இதில் தனக்கு ஏதோ அநியாயம் நடந்துவிட்டதாகவே தோன்றியது.

“செவுரு என்னுது, ஆணி என்னுது. ஆணில மாட்டிகினு கீறது மட்டும் எப்டி டீச்சர் உங்களுது?”

கலை மக்களிடம் போய்ச் சேரவில்லை என்று மேடையில் யாராவது வருத்தப்பட்டால் நான் பேசாமல் இருந்துவிடுகிறேன், ஏனென்றால் எங்களிடம் மக்கள் தினமும் வந்து சேர்ந்தார்கள், அது ஓவியத்துக்காகத்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள்தான் அடம்பிடித்துக்கொண்டிருந்தோம்.