கோச்சின் பாக்கெட்டில் இருந்தது

எங்கள் அலுவலக ஹாக்கி அணியின் கோச் ஓய்வு பெற்றபோது கரோல் பாக்கில் ஒரு ஹாலில் பாராட்டு விழா வைத்தார்கள். ஜெயித்த கோப்பைகளுக்குப் பாலிஷ் வேறு போட்டு மேடையில் அடுக்கியிருந்தார்கள். ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

ஆட்டத்தில் யாருக்காவது முழங்காலில் அடிபட்டால் அவர்தான் ஓடி வருவார். பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஸ்பிரேயை எடுத்து, கால் மரத்துப்போகும்வரை அடிப்பார்.

"இனிமே வலிக்காதுடா. ஜல்தி, உள்ள போ!"

அப்படித்தான் ஜெயித்தோம். அப்படி ஆடி ஆடித்தான் என் வலது கால் மடங்காமல் போனது.

கடைசியில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தடுமாறினேன். அவர் மேடையிலிருந்து பார்த்துவிட்டார். மாலையை ஒதுக்கிக்கொண்டு அவர் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது.